கலமும் செல்லும்: கிளிநொச்சியில் இருந்து ஒரு சொல்லைத் தேடிப்போன கதை

எங்களில் ஒருத்தியின் வீட்டில், கிளிநொச்சியில், போன மாரியில் நடந்தது இது. தம்பி ஓ.எல் சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தான். விஞ்ஞானப் பாடம். போனில் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் யூரியூப் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. மனித உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது என்று அவர் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். குசினிக்குள் இருந்த அம்மம்மா எட்டிப் பார்த்தா.

"என்னடா தம்பி, ஆற்ற உடம்பில கோடிக்கணக்கில செல்லாம்?"

முதலில் எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அம்மம்மாவின் இடது தோளுக்குள் உண்மையாகவே ஒரு செல் பீஸ் இருக்கிறது. 2009 இல் மாத்தளன் பக்கம் பட்டது. இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

வன்னியில் வளர்ந்த ஆருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு செல் என்றால் வானத்தில் இருந்து விழுவது. "செல்லடி", "செல் பீஸ்", "செல்லுக்கு ஓடினது" என்று எங்கட பெரியவர்களின் பாதிக் கதைகள் அந்தச் சொல்லோடுதான் தொடங்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அதே செல் உயிரின் மிகச் சிறிய அலகு. எங்கட பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் வேறு: கலம். அவர்கள் திசு என்பதை நாங்கள் இழையம் என்கிறோம்.

அண்டைக்கு இரவு எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி விழுந்தது. ஏன் அவர்களுக்குச் செல், எங்களுக்குக் கலம்? இந்தச் சொற்கள் எங்கே இருந்து வந்தன? நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். ஓ.எல் உடன் விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். ஆனால் சொல்லின் சரித்திரத்தைத் தேடுவது எங்கட வேலைதானே என்று இறங்கினோம். அது எங்களை நூற்றைம்பது வருசத்துக்கு மேலே பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அறையும் துணியும்

முதலில் ஐரோப்பாவுக்குப் போய் வருவோம். 1665 இல் லண்டனில் ரொபேட் ஹூக் என்பவர் தன் நுணுக்குக்காட்டிக்குக் கீழே தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை வைத்துப் பார்த்தார். தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன வெற்று அறைகள் தெரிந்தன. லத்தீனில் செல்லா என்றால் சிறிய அறை. அந்தப் பெயரையே வைத்தார். உண்மையில் அவர் பார்த்தது செத்துப்போன கலங்களின் சுவர்களைத்தான். உள்ளே இருந்த உயிர்ப்பொருள் எப்போதோ போய்விட்டது. ஆளில்லாத வீட்டைப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்த மாதிரி.

இழையத்தின் கதை இன்னும் விசித்திரம். பிரான்சில் சேவியர் பிஷா என்ற இளம் வைத்தியர், புரட்சிக் காலத்துப் பாரிஸ் வைத்தியசாலைகளில், நூற்றுக்கணக்கான சடலங்களை அறுத்துப் பார்த்தவர். நுணுக்குக்காட்டியை அவர் நம்பவில்லை. வெறுங்கண், கத்தி, அவித்தல், காயவைத்தல், அமிலத்தில் போடுதல், இவ்வளவும்தான் அவரின் கருவிகள். இதயம், ஈரல், குடல் என்று உறுப்புகள் வேறு வேறாக இருந்தாலும், அவை எல்லாம் சில பொதுவான "துணிகளால்" நெய்யப்பட்டவை என்று கண்டார். அப்படி 21 வகையைப் பிரித்துக் காட்டினார். நெய்த துணிக்குப் பிரெஞ்சுச் சொல் திசு. அதுதான் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துக்கு வந்த திசு. பிஷா 1802 இல் செத்துப்போனார். வயது 30. எங்களை விட ஏழெட்டு வயதுதான் கூட.

பிறகு 1838 இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839 இல் ஷ்வான் விலங்குகளுக்கும் சொன்னார்கள்: உயிருள்ளது எல்லாமே கலங்களால் ஆனது. 1850களில் பேர்லினில் ருடோல்ஃப் வியர்கோ அடுத்த படியை வைத்தார். ஒரு கலம் இன்னொரு கலத்தில் இருந்துதான் பிறக்கும், நோய் என்பதும் கலத்தில்தான் தொடங்குகிறது என்றார். அவரின் நூல் வந்தது 1858 இல். அதே 1858 இல்தான் லண்டனில் ஹென்றி கிரேயின் அனற்றமி நூலும் வந்தது. இண்டைக்கும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் தூக்கித் திரியும் அதே கிரே. அதற்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் அடுத்து பம்பாய்க்கு வந்து, முப்பது வருசம் இந்தியாவில் குட்டரோகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இந்த வருசங்களை நினைவில் வைத்திருங்கோ. 1858 இல் பேர்லினிலும் லண்டனிலும் இது நடக்கும்போது, எங்கட பக்கம், யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில் என்ன நடந்துகொண்டிருந்தது?

மானிப்பாய்

எங்கட கம்பஸில் இருந்து மானிப்பாய் சைக்கிளில் போகிற தூரம். அங்கே கிறீன் நினைவு வைத்தியசாலை என்று ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தரம் அதைக் கடந்து போயிருப்போம். கிறீன் ஆர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சாமுவேல் பிஸ்க் கிறீன், 1822 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரத்தில் பிறந்தவர். வைத்தியம் படித்துவிட்டு 1847 இல் அமெரிக்க இலங்கை மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, பிறகு மானிப்பாய். 1848 இல் இருந்து உள்ளூர்ப் பெடியளைச் சேர்த்து மேலைநாட்டு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வந்த நோக்கம் மதம் பரப்புவது. வைத்தியம் அதற்குத் திறந்த கதவு. தன் கல்லறையிலும் தன்னைத் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியக்காரன் என்றுதான் எழுதச் சொன்னார். அவரைத் தமிழ்த் தொண்டர் என்று மட்டும் தூக்கிப் பிடிப்பதும், மிஷனரி என்று மட்டும் தள்ளி வைப்பதும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆள் செய்த வேலையைப் பார்ப்போம்.

கிறீனுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் கெட்டிக்காரர்களாக வந்தார்கள். ஆனால் படித்து முடித்ததும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். ஊரில் வைத்தியர் இல்லை. வாந்திபேதியும் அம்மையும் ஊரை அள்ளிக்கொண்டு போகிற காலம் அது. ஊரில் தங்கி, ஊர்ச்சனத்தோடு கதைத்து வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும் என்றால், படிப்பும் ஊர் மொழியில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தானே தமிழ் படித்தார். 1858 இல் அமெரிக்காவுக்குப் போய், கல்யாணம் முடித்து, 1862 இல் திரும்பி வந்தார். 1864 இல் இருந்து வகுப்பு தமிழில்.

வகுப்புக்குப் புத்தகம் வேணுமே? அதற்கு முன்னமே, 1857 இல், உடலமைப்பும் உடற்றொழிலும் சுகாதாரமும் சேர்ந்த கட்டரின் நூல் தமிழில் வந்துவிட்டது. அதன் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கோ. அதே வருசம் பிரசவ வைத்தியம். 1867 இல் இரண வைத்தியம். 1872 இல் மனுஷ அங்காதிபாதம், அதாவது நாங்கள் மேலே சொன்ன அதே கிரேயின் அனற்றமி, எண்ணூறு பக்கத்துக்கு மேல், தமிழில். லண்டனில் வந்து 14 வருசத்தில் மானிப்பாய்ப் பிள்ளை கிரேயைத் தமிழில் படித்தது. 1875 இல் கெமிஸ்தம். 1883 இல் டோல்ற்றனின் உடற்றொழிலியல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் வந்தது.

இதைக் கிறீன் தனியாகச் செய்யவில்லை. டான்வேர்த், சப்மன், போல் என்று மிஷன் பெயர் பூண்ட அவரின் தமிழ் மாணவர்கள் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள், படிப்பித்தார்கள். 1873 இல் உடம்பு முடியாமல் கிறீன் ஊர் திரும்பின பிறகும், வூஸ்ரரில் இருந்தபடி தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884 இல் செத்தார். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபது பேருக்கு மேல். கவிஞர் அம்பி அவரைத் தேடி எழுதியிராவிட்டால் எங்கட தலைமுறைக்கு இந்தக் கதை வந்து சேர்ந்திருக்குமோ தெரியாது.

அந்தப் புத்தகங்களின் பெயர்களை மட்டும் பார்த்தாலே அவர்கள் சொல் தேடின முறை விளங்கும். இரண வைத்தியம் ஊரில் ஏற்கெனவே இருந்த சொல். அங்காதிபாதமும் சுகரணமும் வடமொழியில் இருந்து எடுத்துக் கட்டினவை. கெமிஸ்தம் ஆங்கிலச் சொல்லுக்கே வேட்டி கட்டிவிட்ட மாதிரி. இருக்கிறதை எடு, இல்லாவிட்டால் கட்டு, அதுவும் சரிவராவிட்டால் கடன் வாங்கு. இண்டைக்கும் கலைச்சொல் செய்கிற ஆருக்கும் இந்த மூன்றைத் தவிர வேறு வழி இல்லை.

ஏற்கெனவே இருந்தது என்கிறபோது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடம்பைப் பற்றிய அறிவு எங்களுக்குக் கப்பலில் மட்டும் வரவில்லை. சித்த மருத்துவம் உடம்பை ஏழு கட்டுகளாகப் பார்த்தது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, ஏழாவதாகச் சுக்கிலம் அல்லது சுரோணிதம். யாழ்ப்பாண அரசர் காலத்து செகராசசேகரமும் பரராசசேகரமும் இந்த மரபில் வந்த வைத்திய நூல்கள். பிஷாவின் 21 துணிகளும் எங்கட ஏழு கட்டுகளும் ஒன்றல்ல. ஒன்று கத்தியால் அறுத்துப் பிரித்தது, மற்றது சாப்பாடு எப்படிப் படிப்படியாக உடம்பாகிறது என்று யோசித்துப் பிரித்தது. ஆனால் உறுப்புக்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது என்ற எண்ணம் மானிப்பாய் மாணவனுக்குப் புதிதாக இருந்திராது.

கிறீனுக்குப் பிறகு தமிழ்வழி மருத்துவம் நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தது. அங்கே ஆங்கிலம். அரசாங்க வேலையும் அந்தப் பக்கம்தான். 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் வந்தபோதும் மொழி ஆங்கிலம்தான்.

சென்னை ஒரு பாதை, கொழும்பு ஒரு பாதை

அப்ப, கலம் எப்படி வந்தது? மானிப்பாய்க் கதவு மூடின பிறகு, சொல் செய்யும் வேலை பள்ளிக்கூடப் பக்கம் போனது.

தமிழ்நாட்டில் 1916 இலேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து அறிவியற் சொற்களுக்கென்றே ஓர் இதழ் நடத்தினார்கள். 1936 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் மாநாடு கூட்டியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஆர் தெரியுமோ? எங்கட மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். அந்த வேலை 1938 இல் கலைச்சொற்கள் என்ற புத்தகமாக வந்தது. தமிழ் வேரில் இருந்தே சொல் செய்யலாம் என்று அது காட்டியது. ஆனால் 1940 இல் சென்னை அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் போட்ட குழு எதிர்ப்பக்கம் இழுத்தது. வடமொழியையும் ஆங்கிலத்தையும் ஒட்டிப் போகச் சொன்னது. பெரிய சண்டை. அந்த இழுபறி தமிழ்நாட்டில் முழுசாக ஓயவே இல்லை. உயிரணு என்றும் எழுதினார்கள், செல் என்றும் எழுதினார்கள். கடைசியில் வகுப்பறையில் செல்லும் திசுவும் மைட்டோகாண்ட்ரியாவும் நின்றுவிட்டன.

இலங்கையில் கதை வேறு மாதிரி. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழியில் படிப்பிக்கும் வழக்கம் கீழ் வகுப்பில் இருந்து படிப்படியாக மேலே ஏறியது. விஞ்ஞானமும் அதோடு ஏற வேண்டி இருந்தது. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தில் பாடம் பாடமாகக் குழுக்கள் இருந்து சொற்றொகுதிகள் செய்தார்கள், பாடநூல்களை மொழிபெயர்த்தார்கள். அவர்கள் ஒரு விசயத்தில் பிடிவாதக்காரர். கூடிய அளவு தமிழ்ச் சொல். கடன் வாங்கினாலும் தமிழ் எழுத்து ஒழுங்குக்குள் அடங்க வேண்டும். அதனால்தான் அவர்களுக்கு ஆக்சிஜன், எங்களுக்கு ஒட்சிசன். அவர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு, எங்களுக்குக் காபனீரொட்சைட்டு.

இந்தச் சொற்கள் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டவை என்பது இப்பதான் எங்களுக்கு உறைத்தது. கலத்துக்குள் சக்தி உண்டாக்குகிற அந்தச் சின்ன உறுப்பை எடுங்கோ. மைட்டோகாண்ட்ரியா என்ற பெயர் கிரேக்கத்தில் இழை, மணி என்ற இரண்டு சொல் சேர்ந்தது. எங்கட புத்தகத்தில் அது இழைமணி. இரண்டு சொல்லையும் சிந்தாமல் எடுத்து வந்திருக்கிறார்கள். திசு என்றால் நெய்தது என்று பார்த்தோம். இழையம் இழையில் இருந்து வருகிறது. பிஷாவின் துணி தமிழிலும் துணியாகவே இருக்கிறது. திசு என்று எழுதினால் சத்தம் மட்டும்தான் வருகிறது, துணி வருவதில்லை.

கலம் இன்னும் அழகு. ஹூக் வைத்த பெயருக்கு அர்த்தம் அறை. கலம் அறையல்ல. கலம் என்றால் பாத்திரம், உண்கலம், மரக்கலம். எதையாவது ஏந்தி வைத்திருப்பது. ஹூக் பார்த்தது வெற்று அறைதான். ஆனால் பிறகு வந்தவர்கள் கண்டது உள்ளே இருக்கிற சரக்கை: கரு, குழியவுரு, இழைமணி. இந்த அறிவுக்கு அறையை விடப் பாத்திரம் பொருத்தமாக இருக்கிறது. மருத்துவச் சொற்களில் கலத்தைக் குறிக்க வரும் கிரேக்க வேரான கைற்றோஸ் என்பதற்கும் குழிந்த பாத்திரம் என்றுதான் அர்த்தம். செங்குழியம், வெண்குழியம் என்கிறபோது நாங்கள் அந்தக் குழியைத்தான் சொல்கிறோம்.

எல்லாச் சொல்லும் இப்படி வாய்த்தது என்று பொய் சொல்ல மாட்டோம். தாவரத்தில் தடித்த சுவருள்ள கலங்களால் ஆன இழையம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் வல்லருகுக்கலவிழையம். ஏ.எல் பயோ படித்த அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கோ, எத்தனை பேர் அதைப் பிழையில்லாமல் எழுதினார்கள் என்று.

குப்பி விளக்கும் அறிவியல் நகரும்

இந்தச் சொற்களுக்கு வன்னியில் ஒரு தனிக் கதை உண்டு.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய், பற்றி, தாள் எல்லாம் அருமை. மின்சாரம் இல்லை. எங்கட அக்காமார், அன்ரிமார் ஏ.எல் படித்தது குப்பி விளக்கில். நோட்ஸ் ஒன்று கையால் எழுதி, அதைப் பார்த்து இன்னொருவர் எழுதி, ஓலைச்சுவடி மாதிரிப் பரவினது. இடப்பெயர்வு வரும்போது பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடின சாமான்களுக்குள் பயோ நோட்ஸும் இருந்தது என்று ஓர் அன்ரி சொன்னா. வெங்காய உரியை நுணுக்குக்காட்டியில் பார்க்காமலே, வெறும் படத்தை வரைந்து வரைந்து கலத்தைப் படித்தவர்கள் அவர்கள்.

இங்கிலிஸ் தெரியாத கிராமத்து வீடுகளில், ரியூசன் இல்லாத காலத்தில், அது எப்படி முடிந்தது? சொல் தமிழில் இருந்தது. அவ்வளவுதான். இழையம் என்றால் இழையால் ஆனது என்று ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. கொழும்பில் எங்கோ ஒரு மேசையில் இருந்து சொல் தேடினவர்களுக்கு, நாற்பது வருசம் கழித்து ஒரு பிள்ளை அதைக் குப்பி விளக்கில் படிக்கும் என்று தெரிந்திருக்காது. ஆனால் படித்தது. அதில் சிலர் இண்டைக்கு எங்கட ஆஸ்பத்திரிகளில் டொக்டராகவும் தாதியாகவும் இருக்கிறார்கள்.

அதே கிளிநொச்சியில் இண்டைக்கு அறிவியல் நகர் இருக்கிறது. ஏ9 வீதியில் தெற்குப் பக்கம் போனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். எங்கட பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி அங்கே விவசாயம் படிக்கிறாள். முதலாம் வருசம் முதல் மாதம் அவள் ஒரு கொப்பி வைத்திருந்தாள். இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் இங்கிலிஸ் சொல். காழ், உரியம், பிரியிழையம், குழியவுரு. "எனக்கு எல்லாம் தெரியும், ஆனா ஒண்டும் தெரியாத மாதிரி இருந்துச்சு" என்றாள். பதின்மூன்று வருசம் தமிழில் படித்த அறிவு ஒரு கிழமைக்குள் வாய் பேசாததாகிப் போனது. அந்தக் கொப்பி அவளுக்குப் பிறகு மூன்று பேரிடம் கைமாறி விட்டது.

இங்கிலிஸ் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. புது ஆராய்ச்சி எல்லாம் அதில்தான் வருகிறது. அதைப் படிக்காமல் ஒரு விஞ்ஞானியும் வர முடியாது. எங்கட கவலை வேறு. இங்கிலிசுக்குப் போன அறிவு திரும்பி வீட்டுக்கு வர வழி இருக்கிறதா?

அம்மம்மாவின் தோள்

அம்மம்மாவின் கிளினிக் கொப்பியில் இருப்பது எல்லாம் இங்கிலிஸ். மாதா மாதம் போறா. வரிசையில நிக்கிறா. மருந்து எடுக்கிறா. டொக்டர்மார் நல்லவர்கள். நேரம்தான் இல்லை. பதினைந்து வருசத்துக்கு மேலாக அவவுக்கு இருக்கிற கேள்விகள் மூன்று. பீஸை ஏன் எடுக்கவில்லை? உள்ளே கிடந்து அது என்ன செய்கிறது? கை ஏன் முழுசாத் தூக்க ஏலாது?

வன்னியில் இந்தக் கேள்வியோடு வாழ்கிறவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். நாங்கள் டொக்டர்மார் இல்லை. ஆனால் இவ்வளவு சொல்லையும் தேடின பிறகு, பாடப்புத்தகத்தையும் விவசாயத் தோழியையும் வைத்துக்கொண்டு, பொதுவாக இப்படியான காயத்தில் என்ன நடக்கும் என்று அவவுக்குச் சொல்லிப் பார்க்கலாம் என்று இருந்தோம்.

மனித உடம்பில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள். பெரும்பகுதி இரத்தத்தில் ஓடுகிற செங்குழியங்கள். அவற்றுக்குக் கருவே இல்லை, ஏறத்தாழ 120 நாள்தான் ஆயுள். மற்றக் கலங்கள் ஒன்று சேர்ந்து நான்கு வகை இழையமாக நிற்கின்றன. மேலே மூடுவது மேலணி இழையம், தோலின் வெளிப்பக்கம் அது. தாங்கிப் பிணைப்பது தொடுப்பிழையம், என்பும் கொழுப்பும் இரத்தமும்கூட அந்தக் குடும்பம்தான். சுருங்கி விரிவது தசை இழையம். செய்தி கொண்டு போவது நரம்பிழையம்.

ஒரு இரும்புத் துண்டு தோளுக்குள் போகும்போது இந்த நாலையும் கிழித்துக்கொண்டுதான் போகிறது. உடனே இரத்தம் உறைந்து வாசலை அடைக்கும். வெண்குழியங்கள் ஓடி வரும். அவற்றில் தின்குழியங்கள் என்ற வகை, கிருமியையும் செத்த கலங்களையும் விழுங்கித் துப்புரவாக்கும். இரும்பை விழுங்க முடியாது. பல தின்குழியங்கள் ஒன்றாகக் கூடி, பல கருக்கள் உள்ள ஒரே பெரிய கலமாகி முயன்று பார்க்கும். அதற்கும் முடியாது. பிறகு உடம்பு வேறு முடிவு எடுக்கும். நார் உண்டாக்கும் கலங்கள் வந்து, அந்தத் துண்டைச் சுற்றிக் கொலாஜன் நாரால் ஓர் உறை கட்டும். வெளியே தள்ள முடியாததைச் சுற்றி மூடி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும்.

ஏன் எடுக்கவில்லை என்பதற்குப் பதில் இதில் பாதி இருக்கிறது. அந்த உறைக்குள் அடங்கிக் கிடக்கிற துண்டை எடுக்க, சுற்றியுள்ள நல்ல இழையத்தை அறுக்க வேண்டும். பக்கத்தில் பெரிய நரம்போ இரத்தக் குழாயோ போனால், எடுக்கிறதால் வரும் சேதம் விடுகிறதால் வருவதை விடக் கூட. கை ஏன் தூக்க முடியாது என்பதற்கும் இழையம்தான் பதில். பெரிதாகக் கிழிந்த தசை அதே தசையாகத் திரும்ப வளராது. இடைவெளியை நார்த்தழும்பு நிரப்பும். தழும்பு பிடித்து வைத்திருக்கும், ஆனால் தசை மாதிரிச் சுருங்கி விரியாது. கைகால் நரம்பு வழி சரியாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மெல்ல மெல்ல வளரும். தழும்பு வழியை மறித்தால் அங்கேயே முடிச்சுப் போட்டு நோவு கொடுக்கும். முள்ளந்தண்டுக்குள் இருக்கிற நரம்பு அப்படியும் வளராது. எங்கட ஊரில் சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களுக்கு நடந்தது அது.

இன்னொன்று, எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது: உடம்பில் பீஸ் இருக்கிறவர்கள் எம்.ஆர்.ஐ எடுக்கப் போனால் அதை முதலே கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே கிடக்கிற இரும்பை அது அசைக்கக்கூடும்.

இதையெல்லாம் சொல்லும்போது எங்களுக்கு வெட்கமான ஒன்றும் நடந்தது. மேலணி இழையம் என்றதும் அம்மம்மா முழித்தா. தொடுப்பிழையம் என்றதும் முழித்தா. நாங்கள் இவ்வளவு பெருமையாகப் பேசின பாடப்புத்தகத் தமிழும் அவவுக்கு இங்கிலிஸ் மாதிரித்தான். பிறகு சொற்களை விட்டுவிட்டு, அவவின் பழைய நூல்சேலையைக் காட்டி, இழை, கிழிசல், தையல், ஒட்டு என்று சொன்னோம். தைத்த இடம் துணி மாதிரி இழுபடாது என்றதும் தலையாட்டினா.

கிறீன் ஏன் தமிழுக்கு மாறினார் என்பது எங்களுக்கு அப்பதான் சரியாக விளங்கியது. எண்ணூறு பக்கப் புத்தகம் அலுமாரியில் இருக்கிறதுக்காக அல்ல. அதைப் படித்த ஒருவர் திண்ணையில் இருந்து நோயாளியோடு கதைக்க வேண்டும் என்பதற்காக. புத்தகத்தில் இருந்து திண்ணைக்கு வருகிற கடைசிப் படியை ஒரு சொற்றொகுதியும் செய்து தராது. அதைப் படித்த பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். அறிவியல் நகரில் படிக்கிறவர்களும், மருத்துவ பீடத்தில் படிக்கிறவர்களும், எங்களைப் போல ஓ.எல் உடன் விட்டவர்களும் சேர்ந்து.

இதை வாசிக்கிற உங்களில் விஞ்ஞானம், மருத்துவம், தாதியம் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கட கொப்பியில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலிஸ் இருக்கும். மூன்றாவதாக ஒரு பக்கம் திறவுங்கோ. அதில் உங்கட அம்மம்மா என்ன சொல்லுவா என்று எழுதுங்கோ. பீஸ், சன்னம், உளைவு, விறைப்பு, சீழ், தழும்பு. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கையேடு, காயத்தோடு வாழ்கிறவர்களுக்காக, செய்ய யோசித்திருக்கிறோம். டொக்டர் ஒருவர் பிழை திருத்தித் தர வேண்டும். ஆள் தேடுறம்.

அம்மம்மா கடைசியில் தோளைத் தடவிக்கொண்டு சொன்னா: "அப்ப அது எனக்குள்ள தனி அறை கட்டிக்கொண்டு இருக்கெண்டு சொல்லுங்கோவன்."

செல்லா என்றால் லத்தீனில் சிறிய அறை என்று நாங்கள் அவவுக்குச் சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அவ, மழைக்குளிருக்கு உளையுது என்று சொல்லி, வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தம்பியைப் படிக்கச் சொன்னா.